சூடாகும் வரை கொஞ்சம் பொறுங்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஒரு பழைய டிவி மெக்கானிக்கின் பதில்கள்

போன இதழில் யாருக்கோ பதில் எழுதும்போது, "பிக்சர் டியூப் வைத்த பழைய டிவியைத் தூக்கிப் போடும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள், உங்கள் கூடத்தில் இத்தனை வருஷம் இருந்தது ஒரு எலக்ட்ரான் முடுக்கி" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழை நிரப்பிவிட்டன. மிக்ஸி, கிரைண்டர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, முடுக்கி என்றால் கிலோமீட்டர் கணக்கில் பூமிக்கடியில் இருப்பது அல்லவா? எங்கள் வீட்டு 14 இன்ச் இலவச கலர் டிவியைப் போய் அந்தப் பெயரால் சொல்கிறீர்களே?
பொறியியல் மாணவி, குரோம்பேட்டை

அந்த 14 இன்ச்சையேதான் சொல்கிறேன் அம்மா. எலக்ட்ரானைக் கிளப்ப வேண்டும், ஓட்டம் கொடுக்க வேண்டும், குறி பார்த்து அடிக்க வேண்டும். இந்த மூன்றையும் அது தினமும் சாயங்காலம் சீரியல் நேரத்தில் செய்துகொண்டிருந்தது. 2006இல் தொடங்கிய இலவச டிவி திட்டத்தில் எத்தனை குடிசைக்கு ஒரு முடுக்கி போய்ச் சேர்ந்தது என்று நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

டியூப் ஒரு பெரிய கண்ணாடிப் புனல். அதன் ஒல்லியான காம்பை நாங்கள் நெக் என்போம். நெக்கின் உள்ளே சின்னதாக ஒரு ஹீட்டர், 6.3 வோல்ட்டில் எரியும். இருட்டில் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் அணையப் போகிற ஊதுபத்தி மாதிரி ஆரஞ்சாகத் தெரியும். அதைச் சுற்றி ஒரு உலோகக் குப்பி, அதுதான் கேத்தோடு. அதன் நுனியில் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளைப் பூசியிருப்பார்கள். 800 டிகிரி வாக்கில் சூடேறியதும் அந்தப் பூச்சிலிருந்து எலக்ட்ரான்கள் இட்லிப் பானை ஆவி போலக் கிளம்பும். சுவிட்சைப் போட்டதும் சத்தம் முதலில் வந்து, படம் ஏழெட்டு விநாடி கழித்து வந்ததே, அந்தத் தாமதம் இதற்காகத்தான். என்னிடம் வந்த டிவிகளில் பாதிக்கு மேல் தலையில் அடி வாங்கியவை. தட்டினால் லூஸ் கனெக்‌ஷன் ஒட்டிக்கொள்ளலாம். கேத்தோடு சீக்கிரம் சூடாகாது.

இப்படிக் கிளம்பியதை இழுப்பதற்குப் புனலின் உள்சுவரில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றி வைத்திருப்பார்கள், பெரிய டியூபில் 25 ஆயிரம் வரை. அந்த இழுப்பில் எலக்ட்ரான் விநாடிக்கு 80, 90 ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். ஒளியின் வேகத்தில் கால் பங்குக்கும் அதிகம். அப்படியே வெளியே விட்டால் ஒரு விநாடியில் பூமியை இரண்டு தடவை சுற்றிவிடும். பாவம், அதற்குக் கிடைத்த ஓடுபாதை ஒரு அடிதான்.

அந்த ஒரு அடியிலும் காற்று குறுக்கே நிற்கக் கூடாது. பம்ப் வைத்து எவ்வளவு உறிஞ்சினாலும் மிச்சம் மீதி இருக்கும், கண்ணாடியும் உலோகமும் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவைக் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் டியூபை மூடிய பிறகு உள்ளே துளி பேரியத்தை ஆவியாக்கிவிடுவார்கள். அது நெக் பக்கத்துக் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சாகப் படிந்து, வருகிற வாயுவையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் கெட்டர். டியூப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மீட்டரே வேண்டாம், கெட்டரைப் பார்த்தால் போதும். வெள்ளியாக மின்னினால் நல்லது. பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது.

கடைசி வேலை குறி பார்ப்பது. நெக்கும் புனலும் சேரும் இடத்தில் செப்புக் கம்பி சுற்றிய யோக் மாட்டியிருக்கும். அதன் காந்தப்புலம் எலக்ட்ரான் கற்றையைப் பக்கவாட்டிலும் மேலிருந்து கீழும் வளைத்து, வாசல் தெளித்துப் பெருக்குவது மாதிரி திரை முழுக்க இழுத்துக்கொண்டு போகும். நம் ஊர் முறையில் ஒரு படத்துக்கு 625 வரி, விநாடிக்கு 25 படம். ஆக விநாடிக்கு 15,625 வரி. 14 இன்ச் திரையில் அந்த ஒளிப்புள்ளி ஓடும் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், விநாடிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் போக மின்சார ரயிலுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறதே, இதற்கு ஆறு விநாடி.

இன்னும் நம்பிக்கை வராவிட்டால், டிவி ஓடும்போது விரல் நுனியில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் திரையில் வையுங்கள். ஒரே ஒரு சொட்டு, ஈரத்துணி வேண்டாம். சொட்டு லென்ஸ் மாதிரி பெரிதாக்கிக் காட்டும். வெள்ளை என்று நினைத்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகத் தெரியும். மூன்று நிறத்துக்கும் மூன்று கற்றை.

கொலு வைப்பதற்காக, வடக்கு பார்த்து இருந்த எங்கள் பழைய டிவியைக் கிழக்கு பார்த்துத் திருப்பி வைத்தோம். அன்றிலிருந்து மூலையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. மாமியார், திசை மாற்றியதுதான் காரணம் என்கிறார். வாஸ்துவுக்கும் டிவிக்கும் சம்பந்தம் உண்டா?
இல்லத்தரசி, மயிலாப்பூர்

உங்கள் மாமியார் சொன்னது சரி. வாஸ்துவை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

பூமியே ஒரு காந்தம். காந்தப்புலத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் எலக்ட்ரான் வளையும். காந்த ஊசி சாயாமல் தரையோடு படுத்திருக்கும் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனைக்குப் பக்கத்தில் போகிறது. 1963இல் கேரளத்தில் தும்பாவைத் தேடிப் பிடித்து ராக்கெட் தளம் வைத்ததற்கும் அந்தக் கோடுதான் காரணம். அதனால் சென்னையில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய தரையோடு தரையாகப் படுத்து வடக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. டிவியைக் கிழக்கு பார்த்து வைத்தால் கற்றை அந்தப் புலத்தைக் குறுக்காக வெட்டும். ஒரு அடி போவதற்குள் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். மேற்கு பார்த்து வைத்தால் அதே அளவு மேலே ஏறும். வடக்கோ தெற்கோ பார்த்திருந்தால் படம் லேசாகத் திருகிக்கொள்ளும். சின்ன விஷயம், கண்ணுக்கு உறைக்காது.

உறைப்பது நிறத்தில்தான். திரைக்குச் சற்றுப் பின்னால் ஆயிரக்கணக்கான ஓட்டைகள் போட்ட இரும்புத் தகடு ஒன்று உண்டு, ஷேடோ மாஸ்க் என்பார்கள். கற்றை சரியான கோணத்தில் ஓட்டைக்குள் நுழைந்தால்தான் சிவப்புக்கு உரியது சிவப்பில் விழும். இரும்பு அல்லவா, அதற்கும் காந்தம் ஏறும். இத்தனை வருஷம் வடக்கு பார்த்தபடியே இருந்து அந்தத் திசைக்குப் பழகிப்போயிருந்தது. திடீரென்று திருப்பிவிட்டீர்கள், கற்றை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

செலவில்லாத மருந்து இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. பிறகு போடும்போது "டொய்ங்" என்று ஒரு அதிர்வு கேட்கும். டியூபைச் சுற்றியிருக்கும் காயிலில் மாறு மின்சாரம் பாய்ந்து, படிப்படியாகக் குறைந்து, தகட்டின் காந்தத்தைக் கலைக்கும் சத்தம் அது. அந்தக் காயிலோடு இருக்கும் தெர்மிஸ்டர், அதாவது சூடேறினால் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் துண்டு, நன்றாக ஆறினால்தான் அடுத்த தடவை வேலை செய்யும். அரை மணி நேரக் கணக்கு அதற்குத்தான். இப்படி நாலைந்து தடவை செய்யுங்கள், பெரும்பாலும் கறை போய்விடும். போகவில்லையென்றால் பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். கொலுவில் காந்தம் வைத்து ஆடும் பொம்மை ஏதாவது இருந்தால் அதையும் நகர்த்துங்கள்.

கறுப்பு வெள்ளை டிவியில் இந்தத் தொல்லையே இல்லை. அதில் ஷேடோ மாஸ்க் கிடையாது. கடையில் சின்னப் பையன்கள் ஸ்பீக்கர் காந்தத்தைக் காட்டினால் செய்தி வாசிப்பவர் முகம் கோணிக்கொண்டு போகும், எடுத்தால் நேராகிவிடும். அதை நம்பி ஒரு பையன் வீட்டுக் கலர் டிவியிலும் அதையே செய்துவிட்டு, அப்பா ஆபீசிலிருந்து வருவதற்குள் சரிசெய்யச் சொல்லி அழுதுகொண்டே ஓடி வந்தான். காந்தத்தைக் கலைக்கும் வட்டமான டீகாஸிங் காயிலை எடுத்துக்கொண்டு நானும் அவன் பின்னாலேயே ஓடினேன்.

சார், புத்தகத்தில் ஒரு இடத்தில் "கேத்தோடு கதிர்" என்கிறார்கள், அடுத்த பக்கத்திலேயே "எலக்ட்ரான் ஒரு துகள்" என்கிறார்கள். கதிரா, துகளா? எதை எழுதினால் மார்க்?
பிளஸ் டூ மாணவன், திருவல்லிக்கேணி

மார்க்குக்கு உங்கள் ஆசிரியர் சொல்வதை எழுதுங்கள். கதையை நான் சொல்கிறேன்.

காற்றெடுத்த கண்ணாடிக் குழாயில் எதிர்மின்முனையிலிருந்து ஏதோ கிளம்பி எதிர்ச்சுவரை ஒளிர வைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்த்தார்கள். என்னவென்று தெரியாததால் கதிர் என்று பெயர் வைத்தார்கள். துகள் என்றால் மின்புலத்தில் வளைய வேண்டுமே என்று ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் சோதித்துப் பார்த்தார். வளையவில்லை. அவர் குழாயில் மிச்சமிருந்த வாயு காரியத்தைக் கெடுத்திருந்தது. 1897இல் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் இன்னும் நன்றாகக் காற்றை எடுத்துவிட்டு அதே சோதனையைச் செய்தார், வளைந்தது. எடைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, இது அணுவை விடச் சின்ன துகள் என்றார். கெட்டரைப் பற்றி முதல் பதிலில் அவ்வளவு நீட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். ஹெர்ட்ஸைக் காலை வாரிவிட்டதே சரியாகக் காற்று எடுக்காத குழாய்தான்.

தாம்சன் 1906இல் நோபல் பரிசு வாங்கினார். அவர் மகன் ஜி.பி. தாம்சன், எலக்ட்ரான் கற்றையை மெல்லிய தகட்டின் வழியாக அனுப்பி, அது அலை போலவும் நடந்துகொள்கிறது என்று காட்டி 1937இல் நோபல் வாங்கினார். அப்பாவுக்கு மகன் பாடம் சொன்ன கதை சுவாமிமலையில் மட்டும் நடக்கவில்லை.

டிவியிலிருந்து எக்ஸ்ரே வரும், தள்ளி உட்கார் என்று அம்மா திட்டுவார். அது உண்மையா, இல்லை எங்களை விரட்டச் சொன்ன பொய்யா?
வங்கி ஊழியர், கோடம்பாக்கம்

உள்ளே எக்ஸ்ரே உண்டாவது உண்மை. வேகமாக வரும் எலக்ட்ரான் எதிலாவது மோதிச் சட்டென்று நின்றால் எக்ஸ்ரே பிறக்கும். 1895 நவம்பரில் வியூர்ட்ஸ்பர்க் ஊரில் ரோன்ட்கன் அதைக் கண்டுபிடித்ததே இந்த மாதிரி ஒரு குழாயை வைத்துத்தான். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தும் சற்றுத் தள்ளியிருந்த பேரியம் பூசிய திரை ஒளிர்ந்தது.

டிவியில் உண்டாவது பலம் குறைந்த எக்ஸ்ரே. அதைத் தடுக்கத்தான் முன்கண்ணாடியில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும், பின்புனலில் ஈயமும் கலந்தார்கள். டியூபின் எடைக்கு இதுவும் ஒரு காரணம். ஒழுங்காக ஓடும் டிவியிலிருந்து வெளியே வருவது பொருட்படுத்தத் தக்கதல்ல. எனவே அம்மா சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி நீங்கள் படிக்க உட்கார வேண்டும் என்பதற்காக.

என் அக்காவுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தபோது துணைக்குப் போயிருந்தேன். அந்த மெஷினில் 60 லட்சம் வோல்ட்டுக்குச் சமமான முடுக்கம் என்று டெக்னீஷியன் சொன்னார். எலக்ட்ரானைக் கிளப்பு, ஓட்டு, உலோகத்தில் மோது, எக்ஸ்ரேயை எடு, இதே வரிசை. அக்கா உள்ளே படுத்திருக்க, நான் வெளியே உட்கார்ந்து மனதுக்குள் பிளாக் டயக்ராம் போட்டுக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது?

ரிப்பேர் பழகுவதற்காக ஒரு பழைய டிவியைத் திறக்கப் போகிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஷாக் அடிக்காதுதானே அண்ணா?
ஐ.டி.ஐ. மாணவன், வியாசர்பாடி

அடிக்கும் தம்பி. இந்தக் கடிதத்துக்கு மட்டும் போன வாரமே தபாலில் பதில் போட்டுவிட்டேன்.

1975 ஆகஸ்ட் 15இல் சென்னையில் டிவி நிலையம் தொடங்கியபோது எனக்கு 17 வயது. ஆறு வருஷம் கழித்து ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு வக்கீல் வீட்டு 20 இன்ச் கறுப்பு வெள்ளை டிவி. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், டீ குடித்துவிட்டு வந்தேன், தைரியமாகக் கையை விட்டேன். புனலின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பி போட்ட கனெக்‌ஷன் இருக்குமே, இ.எச்.டி. என்ற உயர் மின்னழுத்த முனை, அதன் ஓரத்தில் விரல் பட்டது.

புனலின் உள்ளே ஒரு மின்கடத்திப் பூச்சு, வெளியே கறுப்பாக கிராஃபைட் பூச்சு, நடுவே கண்ணாடி. மூன்றும் சேர்ந்தால் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர். டிவியை அணைத்த பிறகும் அதில் 15 ஆயிரம் வோல்ட் வரை மணிக்கணக்கில் தங்கியிருக்கலாம். அன்று எனக்கு அடித்த ஷாக் பெரிதல்ல. கை தன்னால் பின்னே பறந்ததுதான் வினை. முழங்கை நெக்கில் பட்டது. "புஸ்ஸ்" என்று ஒரு நீண்ட மூச்சு. என் கண் முன்னாலேயே வெள்ளியாக மின்னிய கெட்டர் பால் போல வெளுத்தது. முதலாளி திட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. புது டியூப் விலையை நாலு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

நெக்கோடு போனது என் அதிர்ஷ்டம். முன்பக்கம் அடி பட்டு உடைந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் கண்ணாடியை உள்ளே தள்ளி, துண்டுகள் எதிர்ப்பக்கம் சிதறும். ஆகவே தனியாக உட்கார்ந்து பழகாதே. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். டியூபின் வெளிப்பூச்சில் படிந்திருக்கும் பின்னல் கம்பிக்கு ஒயர் கட்டிய ஸ்க்ரூ டிரைவரை ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைத்து எப்படி டிஸ்சார்ஜ் செய்வது என்று அவர் முதலில் செய்து காட்டட்டும். "டப்" என்று பொறி பறக்கும். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை செய்ய வேண்டும், கண்ணாடியில் ஊறிய மின்னூட்டம் மறுபடி தலைதூக்கும். செய்கிற வரைக்கும் இடது கை பேன்ட் பாக்கெட்டில் இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் தட்டையாகிவிட்டது. இனி வெற்றிடக் குழாயே எங்கள் வீட்டில் இல்லை என்று சொல்லலாமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், அண்ணா நகர்

சமையலறையில் மைக்ரோவேவ் அவன் இருந்தால் சொல்ல முடியாது. அதன் உள்ளே இருக்கும் மேக்னட்ரான் ஒரு வெற்றிடக் குழாய். நடுவில் சுடும் கேத்தோடு, சுற்றிலும் காந்தம். எலக்ட்ரான்கள் நேராகப் போக முடியாமல் சுழன்று சுழன்று 2,450 மெகாஹெர்ட்ஸ் அலையைக் கிளப்பும். உங்கள் மோர்க்குழம்பு அதில்தான் சூடாகிறது. அதையும் திறக்காதீர்கள், வியாசர்பாடித் தம்பிக்குச் சொன்னதை விட இது ஆபத்து.

டிவி ஓடும்போது "ஙீ" என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்பதாக என் மகள் சொல்கிறாள். எனக்குக் கேட்கவே இல்லை. டிவி கெட்டுப்போகப் போகிறதா?
ஆட்டோ ஓட்டுநர், சைதாப்பேட்டை

டிவி நன்றாக இருக்கிறது, வயதானது நம் காது. முதல் பதிலில் விநாடிக்கு 15,625 வரி என்றேனே, அந்த வேகத்துக்குத் தக்கபடி உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்கிற சத்தம் அது. குழந்தைகளுக்குக் கேட்கும். நாற்பது தாண்டினால் பலருக்குக் கேட்காது. என் கடையில் ஷட்டரை இழுக்கும் முன் பேத்தியைக் கூப்பிட்டு, "ஏதாவது ஓடுதா பாரு" என்பேன். படம் வராத டிவி எத்தனையோ தடவை அவள் சொல்லித்தான் அணைத்திருக்கிறேன்.

தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் எங்கள் டிவிக்கு இருநூறு ரூபாய் தருகிறேன் என்கிறார். போட்டுவிடலாமா?
தையல் கடைக்காரர், ராயபுரம்

வேண்டாம். அவருக்குத் தேவை யோக்கில் இருக்கும் செம்பு. அதை எடுக்க நெக்கை ஒரு தட்டுத் தட்டுவார், ஈயம் கலந்த கண்ணாடி மிச்சத்தைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் மேல் தப்பு சொல்லி என்ன, செம்புக்குத்தான் விலை, கண்ணாடிக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள், காசு குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை. படம் இன்னும் வருகிறது என்றால் எனக்கே ஒரு கார்டு போடுங்கள். 14 இன்ச் என்றால் ஆட்டோ பிடித்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். 29 இன்ச் என்றால் தூக்கிவிட இரண்டு ஆளைத் தயாராக வையுங்கள்.